நடவாத வரலாறும் வரலாற்றை நடத்துவோரும்

“கற்பனைக் கதைதானே, அதில் அரசியலைத் தேடுவானேன்?” என்று வினவும் இரசிகர்கள் நம்மிடையே இன்றும் உளர். நடந்த வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை மாற்றி வேறோர் உலகைப் படைக்கும் விஞ்ஞானப் புனைகதைகளை அவர்கள் வெறும் பொழுதுபோக்காகவே கொள்கின்றனர். நாம் இதனை மறுக்கின்றோம். எதனை மாற்றினால் உலகம் மாறுமென ஓர் ஆசிரியன் கருதுகின்றானோ, அதிலேயே வரலாற்றை ஆக்குவோர் யாரென்னும் அவனது நம்பிக்கை வெளிப்பட்டுவிடுகின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய மூன்று நாவல்களை ஒப்புநோக்குவோம். வோட் மூரின் ‘பிரிங் த ஜூபிலி’ (1953), கெற்றிஸ்பேக் போரில் அடிமைமுறையைக் காத்த தென்பகுதி வென்றதாகக் கொள்கின்றது. தோற்ற வடபகுதியின் வறுமையை மூர் உருக்கமாகத் தீட்டுகின்றார். ஆயினும் இறுதியில், காலங் கடந்து அப்போர்க்களத்துக்குச் செல்லும் ஓர் ஆராய்ச்சியாளனின் தற்செயலான குறுக்கீடே யாவற்றையும் தீர்மானிக்கின்றது. மக்களுக்கு அங்கே வேலையில்லை.

ஹரி டேர்டில்டவின் ‘த கன்ஸ் ஒவ் த சவுத்’ (1992) நாவலில், எதிர்காலத்திலிருந்து வரும் தென்னாபிரிக்க வெள்ளை வெறியர் தென்பகுதித் தளபதி ரொபேட் லீக்கு ஏ.கே.-47 துப்பாக்கிகளை வழங்குகின்றனர். தென்பகுதி வெல்கின்றது. பின்னர் சனாதிபதியாகும் லீயே அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க முனைகின்றார்! ஆசிரியர் நிறவெறியைக் கண்டிக்கின்றார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விடுதலை இங்கே ஆண்டான் மனமிரங்கி அளிக்கும் கொடையாகிவிடுகின்றது. மெய்யான லீ யார்? அடிமைகளை ஆயுதபாணிகளாக்க எண்ணி, 1859 ஒக்டோபரில் ஹாப்பேர்ஸ் பெரி ஆயுதசாலையைக் கைப்பற்றிய ஜோன் பிரௌனைச் சிறைப்பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பிரௌன் தூக்கிலிடப்பட்டார்.

ரெரி பிஸனின் ‘ஃபயர் ஒன் த மவுண்டன்’ (1988) மாற்றியமைப்பது அந்நிகழ்ச்சியைத்தான். ஹரியற் ரப்மன் பிரௌனுடன் இணைய, எழுச்சி வெல்கின்றது. கறுப்பின மக்களின் சமவுடைமை நாடு தோன்றுகின்றது. அவ்வுலகம் முரண்பாடுகள் குறைந்த இலட்சிய உலகமே. எனினும் அக்கனவின் வேர் மெய்மையில் ஊன்றியது. தோட்டங்களை விட்டு வெளியேறிய அடிமைகளின் செயலைப் பொது வேலைநிறுத்தமென்றே டு போய்ஸ் 1935இல் எழுதினார். ஏறத்தாழ 180,000 கறுப்பினத்தவர் வடபகுதிப் படையில் ஆயுதமேந்தினர். தம் விடுதலைக்குத் தாமே போராடிய அம்மக்களைத் தளபதியின் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது கலையாகாது.

வரலாறு மன்னரதும் தளபதிகளதும் கதையன்று என்று வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்களும், அதனைக் கற்கும் மாணவர்களும், ஓய்வுநேர வாசிப்பில் அவ்வுண்மையை மறந்துவிடலாகாது. நடவாததைப் புனைய எழுத்தாளனுக்கு உரிமையுண்டு. நடத்தியோரை மறைக்க அவனுக்கு உரிமையில்லை.