கண்மாயில் ஒரு தூண்டிலுக்கு இடம் உண்டா?

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

படகில் அமர்ந்து, துடுப்பை மெல்ல வலித்துக்கொண்டே, தூண்டில் கயிற்றைத் தண்ணீருக்குள் பின்னால் இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் கலையைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி மலரில் எழுதப் புகுந்தவனைப் பார்த்து நகைப்போர் நகைக்கட்டும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் படகு எங்கே, துடுப்பு எங்கே என்று என் வகுப்புத் தோழரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் நம் மாவட்டத்தில் தண்ணீரே இல்லை என்பது பாதி உண்மை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்க்காவிட்டால் தை மாதம் வரையிலாவது நம் கண்மாய்களில் நீர் தளும்பி நிற்கின்றது. அந்த நீருக்கும் நமக்கும் என்ன உறவு? இதுவே நான் கேட்க விரும்புவது.

முதலில் அந்தக் கலையைச் சொல்லிவிடுகிறேன். கயாக் என்பது ஒருவர் மட்டும் கால் நீட்டி அமரத்தக்க ஒடுங்கிய சிறு படகு. வடதுருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்கள், சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்துச் செய்துகொண்ட வேட்டைப் படகு அது. இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். டிரௌட் என்பது குளிர்ந்த நீரில் வாழும் மீன். பெரிய ஏரிகளில் அது இரைதேடி ஓயாமல் திரியும். ஆகவே கரையில் குந்தியிருந்து காத்துக்கிடப்பதை விட, பளபளக்கும் போலி இரையை நீண்ட கயிற்றில் கட்டிப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு மீன் இருக்கும் இடத்துக்கு நாமே போவது மேல். வேகம், ஒருவர் காலாற நடக்கும் வேகந்தான். நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போகவேண்டும். திரும்பும்போது கயிறு சற்றே தளர இரை தாழும். நிமிரும்போது இரை துள்ளி மேலே வரும். அந்த ஒரு கணத் தடுமாற்றத்தை, அடிபட்ட சிறுமீனின் தடுமாற்றம் என்று எண்ணி டிரௌட் பாயும். இயந்திரம் இல்லாத படகு ஆதலால் ஓசையும் இல்லை. மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் சீலா மீனுக்கு வள்ளத்தின் பின்னால் தூண்டில் இழுப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஆகவே இதை ஏதோ மேல்நாட்டு மாயம் என்று மலைக்க வேண்டியதில்லை.

என்னை மலைக்க வைத்தது வேறொன்று. இந்த விளையாட்டை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தார் தங்கள் ஊரின் மடியிலேயே ஆடுகிறார்கள்! வாஷிங்டன் ஏரி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஒரு கரையில் சியாட்டில், மறுகரையில் பெல்வியூ. வேலை முடிந்து வந்தவர் படகைத் தூக்கிப் போய்த் தண்ணீரில் இறக்கி, இருட்டுவதற்குள் கட்த்ரோட் என்னும் டிரௌட்டுக்குத் தூண்டில் இழுத்துத் திரும்பலாம். தாடைக்கடியில் சிவப்புக் கோடு உள்ள மீன் அது.

அந்த ஏரி எப்போதும் இப்படி இருந்ததன்று. 1950களில் சுற்றியிருந்த ஊர்களின் சாக்கடை நீர், ஓரளவு சுத்திகரிக்கப்பட்டே எனினும், அதில்தான் விடப்பட்டது. சுத்திகரித்த பின்னும் நீரில் தங்கிவிடும் பாஸ்பரஸ் பாசிக்கு எருவாயிற்று. 1955-இல், ஏரி கெடுவதற்கு முன்னறிவிப்பு போன்ற ஒருவகை நீலப்பச்சைப் பாசி அங்கே காணப்பட்டது. எட்மண்ட்சன் என்ற விலங்கியல் பேராசிரியர் (நம் துறைக்காரர்!) இனி என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எடுத்துரைத்தார். கழிவுநீரை வேறு வழியில் கொண்டுபோக ஒரு பொது அமைப்பு வேண்டுமா என்று 1958 மார்ச்சில் மக்களிடம் வாக்குக் கேட்டபோது திட்டம் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் கேட்டார்கள், வென்றது. 1963 தொடங்கி 1968-க்குள் ஏரிக்குள் விழுந்த கழிவுக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் திருப்பப்பட்டன. கோடையில் ஒரு மீட்டர் ஆழம்கூடக் கண்ணுக்குத் தெரியாதிருந்த நீர், 1970களின் பிற்பகுதியில் பல மீட்டர் ஆழத்துக்குத் தெளிந்தது. ஏரியைக் காத்துவிட்டுக் கழிவைக் கடலின் பக்கம் தள்ளியது தீர்வா என்று கேட்பார் கேட்கலாம். எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஆனால் தம் பையிலிருந்து வரி கொடுத்து ஓர் ஏரியை மீட்கலாம் என்று மக்கள் வாக்களித்தார்களே, ஏன்? அவர்கள் அதில் நீந்தினார்கள், படகு விட்டார்கள், தூண்டில் போட்டார்கள். ஏரி கெட்டால் தம் ஞாயிற்றுக்கிழமை கெடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேராசிரியரின் கட்டுரை மட்டும் போதியிராது என்பது என் துணிபு.

நம் நாட்டில் டிரௌட் இல்லையா? உண்டு, மலையில் உண்டு. ஆங்கிலேயர்க்கு நீலகிரிக் குளிரைக் கண்டதும் தாயகத்து மீன் நினைவு வந்தது. பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1860களில் இங்கிலாந்திலிருந்து அதைக் கொண்டுவர முயன்றார். கப்பல் வழியின் வெப்பம் தாங்காமல் முயற்சி வீணாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் மீண்டும் முனைந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரௌட்டை நீலகிரி ஓடைகளில் குடியேற்றினார். அதற்கும் முன்பே, 1879-இல், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டமே பிறந்துவிட்டது. கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச், அதில் விடுவதற்குத் தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். ஒரு சில துரைமார்கள் மாலைப்பொழுதில் தூண்டில் பிடிக்க ஏரி வெட்டி, சட்டம் இயற்றி, கடல் கடந்து மீன் கொண்டுவர முடிந்தது. நான் குறை கூறவில்லை. ஒரு மனிதனின் ஓய்வுப்பொழுதை அரசாங்கம் அத்தனை மதிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று ஏது?

இனி நம் கண்மாய்க்கு வருவோம்.

இங்கே டிரௌட் வாழாது. 20 பாகை செல்சியசைத் தாண்டினால் அது வாடும். 25-ஐத் தாண்டினால் மடியும். நம் சித்திரை வெயிலில் கண்மாய்த் தண்ணீர் கால் வைத்தால் சுடும். குளிர்ந்த நீர் உயிர்வளியை மிகுதியாக ஏந்தும். 10 பாகையில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்றால் 30 பாகையில் ஏழரைதான். ஆனால் நமக்கு விரால் இருக்கின்றது. அது செவுளை மட்டும் நம்பாமல் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன். சேறானாலும் வெதுவெதுப்பானாலும் தாங்கும். இதில் ஒரு பொல்லாத உண்மை ஒளிந்திருப்பதை என் தோழர்கள் கவனிக்க வேண்டும். நீர் கெட்டால் டிரௌட் செத்து மிதந்து ஊருக்குச் சொல்லிவிடும். நம் விராலும் கெளுத்தியும் குரவையும் பொறுத்துக்கொள்கின்றன. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையோ எந்தத் தண்ணீரிலும் பெருகும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்குச் சாக்கடையே சொர்க்கம். ஆகவே "மீன் துள்ளுகிறதே, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற பேச்சு இங்கே செல்லாது. விருதுநகர் நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு கௌசிகா நதி குல்லூர்சந்தை அணைக்குள் புகுவதைப் பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவர்கள் நம்மில் பலர். பார்த்தோம், பேருந்து வந்தது, ஏறிக்கொண்டோம். அந்த நீரில் நம்முடையது என்று எதுவும் இல்லை.

ஏன் இல்லை? கண்மாய் நமதாயினும் அதிலுள்ள மீன் நமதன்று. மீன்பாசி ஏலம் ஆண்டுதோறும் நடக்கின்றது, எடுத்தவர் குத்தகைதாரர். அவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, இரவில் காவல் போட்டு, கடைசியில் வலை வீசி எடுத்து விற்கின்றார். லாரி டியூபின் மேல் உட்கார்ந்து, கையாலேயே துடுப்பு வலித்து, வலை விரித்துப் போகும் அவருடைய ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்க் கயாக் அதுதான்! அவர் உழைப்பை நான் பழிக்கமாட்டேன். ஆனால் மூங்கில் கம்பும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும் ஒரு மண்புழுவுமாகக் கரையில் உட்காரும் பள்ளிச் சிறுவனும் அங்கே திருடன் ஆகின்றான். எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் என் தம்பியின் கம்பைக் காவலாள் முழங்காலில் வைத்து ஒடித்து அவன் கையிலேயே கொடுத்தார். அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம் போவதில்லை. அண்மையில் அதே கண்மாயின் மடைப்பக்கம் யாரோ குப்பை லாரியைக் கவிழ்த்ததாக ஊரில் பேச்சு அடிபட்டபோது, "நமக்கென்ன, குத்தகைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்றான் தம்பி. எனக்குச் சுருக்கென்றது அந்தச் சொல்தான்.

முன்பு இப்படி முழுக்க இருந்ததில்லை. சிங்கம்புணரி, மேலூர், பொன்னமராவதிப் பக்கங்களில் இன்றும் கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கின்றது. பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணியை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆணும் பெண்ணும் குழந்தையும் இறங்குகின்றார்கள், அகப்பட்டது அவரவர்க்கு. அது ஒரு நாள் உரிமை. நான் கேட்பது அதைவிடச் சிறியது, ஆனால் ஆண்டு முழுதும் நீள்வது: குத்தகை நிபந்தனைகளில் ஒரே ஒரு வரி. ஓர் ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு முள், கரையிலிருந்து மட்டும், வீட்டு உணவுக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீபாவளிக்குப் பின்வரும் வாரங்களிலும்.

தீபாவளியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாடெல்லாம் வெடித்து முடித்தபின் சிவகாசி வட்டாரம் ஓய்கின்றது. பட்டாசு ஆலைகள் சில காலம் மூடிக்கிடக்கும். திறந்தாலும் மழை நாளில் வேலை நடக்காது. கூலியும் இல்லை. ஆண்டெல்லாம் அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த கைகளுக்கு அப்போதுதான் ஓய்வு. அந்த வாரங்களில்தான் கண்மாயும் நிரம்புகின்றது! ஓய்வும் நீரும் ஒன்றாக வரும் அந்தக் காலத்தில் தொழிலாளி எங்கே போவார்? டீக்கடைக்கும் அதைவிடக் கேடான கடைக்கும் வழி திறந்திருக்கின்றது; கண்மாய்க் கரைக்கு மட்டும் காவல். ஒரு கெளுத்தி அகப்பட்டால் அன்றைய குழம்புக்கு ஆயிற்று. அகப்படாவிட்டாலும் அரைநாள் காற்று நல்ல காற்று.

குத்தகைதாரர்க்கு இழப்பு வராதா என்பர். வரும், சிறிது வரும். ஆனால் மண்புழுத் தூண்டிலில் பெரும்பாலும் மாட்டுவது கெளுத்தி, குரவை, ஜிலேபி, விரால். அவர் காசு கொடுத்து விட்ட குஞ்சுகள் அல்ல. நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் கட்லா புழுவை எளிதில் தொடாது. குறையும் தொகையை ஏலத்தில் தள்ளிக் கொடுத்தால் பஞ்சாயத்து முழுகிவிடாது. இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றை எங்கள் துறைப் பேராசிரியர் எடுத்துக்காட்டினார்: மழைக்காலந்தான் விரால் குஞ்சு பொரிக்கும் காலம். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதக்க, தாயும் தந்தையும் அடியில் நின்று காக்கும். அந்நேரம் பெற்றோரைத் தூண்டிலில் எடுத்தால் குஞ்செல்லாம் பிற மீனுக்கு இரை. எனக்கு இதற்கு முழு விடை தெரியும் என்று சொல்லமாட்டேன். குஞ்சோடு நிற்கும் விராலை எடுக்கக்கூடாது, எடுத்தால் விடவேண்டும் என்று விதி செய்யலாம். அதைக் கரையில் இருக்கும் மற்றத் தூண்டில்காரர்கள்தாம் காக்க முடியும். வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே விலக்கிவிட்டது. மருந்து புழங்கும் மண்ணில் பிறந்த நாம் அந்தச் சட்டத்தை நினைவில் வைப்பது நலம். ஆளில்லாக் கரையில்தான் அந்தக் கொடுமை நடக்கும். பத்துப் பேர் கம்போடு உட்கார்ந்திருக்கும் கரையில் நடக்காது.

படகு வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வண்டலும் சவுடும் அள்ளிய பள்ளங்கள் நம் கண்மாய்களில் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. மழை முடிந்ததும் அவற்றில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத ஆண்டு அரிது. போதாக்குறைக்குச் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும். பின்னால் இழுத்துப் போகும் முள் பத்தடிக்குள் மாட்டிக்கொள்ளும். நமக்குக் கரையும் கம்பும் தக்கையுமே தகும். தூண்டில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுந்தானா என்று தோழியர் இருவர் கேட்டனர். மீன்பிடித் திருவிழாவில் யார் முதலில் இறங்குகிறார்கள் என்று போய்ப் பார்த்து வரும்படி விடையிறுத்தேன்.

நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பது அதிகாரிகள் கையில். நம் கையில் இருப்பதும் ஒன்று உண்டு. வாஷிங்டன் ஏரியின் தெளிவை அளந்த கருவி பெரிய பொறி ஒன்றும் அன்று. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு, கறுப்பும் வெள்ளையும் பூசி, முடிச்சிட்ட கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது. தகரக் கடையில் ஒரு மணி நேரத்தில் வெட்டிக்கொள்ளலாம். வெப்பமானி நம் ஆய்வகத்தில் இருக்கின்றது. விலங்கியல் மன்றத்தார் இசைந்தால், இவ்வாண்டு கண்மாய் நிரம்பிய நாள் முதல் வற்றும் நாள் வரை வாரம் ஒருமுறை ஒரே மடையில் தகட்டை இறக்கி, என்ன மீன் யார் தூண்டிலில் வந்தது என்பதையும் எழுதி வைப்போம். அடுத்த ஏலத்துக்கு முன் அந்த நோட்டுப் புத்தகம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் வியாழன் மாலை விலங்கியல் ஆய்வகத்துக்கு வரலாம். இதுவரை நாங்கள் நால்வர்.