அறுபது மைல் வேகம்

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, நாலு பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கும். பிறகு முட்டிவலி. அதற்கப்புறம் எப்படியும் கார் வந்துவிடும்.

“அப்பாவோட ஹெரால்டுல மெட்ராஸ்லேர்ந்து திண்டிவனத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம்தான். முள்ளு அறுபது மைலுக்குக் கீழ இறங்கவே இல்ல!”

“அட, போங்க மச்சான். எங்க ஃபியட்டுல முன்னாடி மூணு பேரு, பின்னாடி நாலு பேரு. அந்த லோடோடயே லாரியை எல்லாம் ஓரங்கட்டிட்டுப் போவேன்.”

மாடிப்படி ஏறக் கைப்பிடி தேடுகிறவருக்கு அந்த நேரம் இருபது வயதுதான். கேட்பதற்கும் சுகமாக இருக்கும். போன மாதம் லைசென்ஸ் வாங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்கும் அது சுகமாகத்தான் இருக்கும். யோசிக்க வேண்டியது அதைத்தான்.

அப்பா தூங்கும் நேரம்

அறுபது, எழுபதுகளில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தெருவில் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று கார்கள்தான். புது வண்டி வேண்டுமென்றால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படித் தவம் கிடந்து வாங்கிய வண்டியை மகன் கையில் கொடுக்க எந்த அப்பாவுக்கு மனசு வரும்?

அதனால் அந்தக் காலத்து வேகத்தில் பாதி, திருட்டு வேகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா சாப்பிட்டுப் படுத்ததும் ஆணியில் தொங்கும் சாவி இறங்கும். சத்தம் கேட்காமல் தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்வார்கள். ஓடிய தூரத்தை மீட்டர் காட்டிக் கொடுத்துவிடுமே? அதற்கும் வழி இருந்தது. ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டால் முள்ளும் நகராது, தூரமும் ஏறாது. அப்படிக் கழற்றிவிட்டு ஓட்டியவரும் இன்று “அறுபது மைல் தொட்டேன்” என்பார். எந்த முள் காட்டியது என்று யாரும் கேட்பதில்லை!

அறுபது மைல் என்றால் சுமார் 96 கிலோமீட்டர். இன்றைக்கு நாலுவழிச் சாலையில் கால் டாக்ஸியே அந்த வேகத்தில் போகிறது. பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது, அம்மா செல்போனில் சீரியல் பார்க்கிறார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அதே வேகத்தில் போனவருக்கு மட்டும் அது இன்னும் மறக்கவில்லை. ஏன்?

உடம்பே மீட்டர்

பழைய கார் வேகத்தை மறைக்காது. காரணம் அதுதான்.

ஃபியட்டின் இன்ஜின் 1089 சிசி. ஆரம்பகால ஹெரால்டுக்கு 948 சிசி. எழுபதைத் தாண்டினால் கதவு நடுங்கும், கண்ணாடி கடகடக்கும், ஸ்டீயரிங் உள்ளங்கையில் துடிக்கும். ஏசி கிடையாது. நாலு ஜன்னலும் திறந்திருக்க, காற்று காதில் அறையும். உள்ளே பெட்ரோல் வாசனை, இன்ஜின் சூடு. பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். முள்ளைப் பார்க்கவே தேவையில்லை. வேகம் எவ்வளவு என்று முதுகெலும்பு சொல்லிவிடும்.

ஓட்டுவதும் ஒரு வித்தைதான். காலையில் சோக்கை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை. பல வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போதே அந்தக் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

டிரம் பிரேக்குக்கு இன்னொரு குணம் உண்டு. மலையிறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப்போய், எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. “ஏறின கியர்லயே இறங்கு” என்று டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது அதனால்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியவர்களுக்கு இது மனப்பாடம். கோடையில் மலை ஏறும்போதோ, பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்பில் ஈரத்துணியைச் சுற்றி, சூடு ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

ஹெரால்டின் சங்கதி தனி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி அது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். குறுகலான சந்திலும் லாகவமாகத் திரும்பிவிடும். ஆனால் வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயத்தில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி தூக்கிக்கொள்ளும். அதன் பின் அச்சு அமைந்த விதம் அப்படி. அதைத் தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார்கள்.

சோழவரத்து மைதானம்

வேகத்துக்கு ஒரு நல்ல இடமும் அப்போது இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் பந்தயத் தளமாக மாறியது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களோடு, பட்டறையில் மெருகேற்றிய ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. தெருவில் தினமும் பார்க்கும் வண்டி அங்கே சீறிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு திரும்பும் வழியில் ஸ்கூட்டர்கூட ரேஸ் வண்டியாகிவிடும்!

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்தது. 2005-ல் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்தன.

பந்தயத் தளத்துக்கும் திண்டிவனம் ரோட்டுக்கும் ஒரு வித்தியாசம். தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். தலையில் ஹெல்மெட் இருக்கிறது. எதிரே லாரி வராது, மாட்டுவண்டி குறுக்கே திரும்பாது. ஓரத்தில், அடிமரத்தில் வெள்ளையடித்த புளியமரங்கள் வரிசையாக நிற்காது.

தப்பித்தவர்களின் கதை

கல்யாண வீட்டில் கார் கதை சொல்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுவான அம்சம் உண்டு. அவர்கள் தப்பித்தவர்கள். அன்று தப்பிக்காதவர் எந்தக் கல்யாணத்துக்கும் வந்து கதை சொல்வதில்லை.

தப்பித்ததில் திறமைக்கும் பங்குண்டு, அதைவிட அதிர்ஷ்டத்துக்கு அதிகப் பங்குண்டு. மூன்றுமுனை சீட் பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் 1959-லேயே வடிவமைத்துவிட்டார். ஆனால் நம் நாட்டில் புதுக் கார்களின் முன்சீட்டுக்கு அது கட்டாயமானது 1994-ல்தான். பழைய ஸ்டீயரிங் கம்பி மோதும்போது மடங்காது; ஈட்டி மாதிரி நேராக நெஞ்சுக்கு வரும். காற்றுப்பை என்ற பேச்சே கிடையாது. அவர்களைக் காப்பாற்றியது காலி ரோடு. 1971-ல் இந்தியா முழுவதும் பதிவான வாகனங்கள் சுமார் 19 லட்சம். 2020-ல் அது 32 கோடியைத் தாண்டிவிட்டது.

பேரனின் கையில் இருப்பது வேறு மாதிரி கார். நூறில் போனாலும் டம்ளர் தண்ணீர் தளும்பாது. தாத்தாவின் ஃபியட் அறுபது கிலோமீட்டரிலேயே “போதும்டா” என்று கத்தியது. இந்தக் கார் நூறிலும் வாய் திறக்காது. ஆனால் மோதும்போது கணக்கு மாறாது. வேகம் கூடக் கூட, மோதலின் சக்தி அதன் வர்க்கத்தில் ஏறும். அறுபதைவிட நூறில் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. நூறில் போகும் கார் ஒரே நொடியில் 28 மீட்டர் ஓடிவிடும். இரண்டு பஸ்ஸின் நீளத்துக்கும் மேல். எதிரே ஒருவர் குறுக்கிட்டால், அதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் போயிருக்கும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் நடந்த இந்த மரணங்களில் நூற்றுக்கு 71-க்குக் காரணம் அதிவேகம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

சாவியைத் தானே தூக்கிக் கொடுக்கும் அப்பாக்களும் இன்று உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது.

கதையை முழுசாகச் சொல்லட்டும்

அதற்காகத் தாத்தாக்கள் கார் கதையை நிறுத்த வேண்டியதில்லை. அந்தக் கதைகள் போனால் வீட்டில் சிரிப்பு குறைந்துவிடும். அறுபது மைலையும் சொல்லட்டும், கேபிள் கழற்றியதையும் சொல்லட்டும். பிரேக் பிடிக்காமல் கல்லில் முட்டி நிறுத்திய நாளையும், வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுங்கியதையும், “பிள்ளையாரப்பா, இனிமே மாட்டேன்” என்று வேண்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லட்டும். வேகம் பார்க்க ஆசைப்படும் பேரனை ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போய்ப் பந்தயம் காட்டலாம். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் எவ்வளவு பாதுகாப்போடு உள்ளே உட்காருகிறார்கள் என்பதை அவனே பார்ப்பான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வயதுக்காரர்கள் பலருக்கும், காலேஜ் கடைசி வருஷ குரூப் போட்டோவில் இருந்து, அதற்கடுத்த எந்த போட்டோவிலும் இல்லாமல் போன ஒரு சிநேகிதன் இருப்பான். ஹெரால்டு கதை வரும்போது அவன் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. பேரன் கேட்க வேண்டியது அவன் கதையைத்தான். அவன் பெயர் என்ன, எப்படிச் சிரிப்பான், எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு, வண்டியில் அவனோடு யார் யார் இருந்தார்கள் என்பதைத் தாத்தாதான் சொல்ல முடியும்.