முதற்சொல்

கண்களை மூடித் தியான சுலோகத்தைச் சொல்லி, இறைவனின் திருவுருவைப் பாதம் முதல் முடி வரை உள்ளத்தில் நிறுத்த முயலும் அன்பர்கள் அதன் அருமையை அறிவர். திருவடியைப் பற்றினால் திருமுகம் மறையும். திருமுகத்தைப் பற்றினால் திருக்கரத்து ஆயுதம் நழுவும். நமக்குச் சொல் எளிதில் வருகிறது. உருவம் அரிதாகவே வருகிறது. இதற்கு நேர்மாறான மனத்துடன் பிறக்கும் குழந்தைகளும் உண்டு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1947-ஆம் ஆண்டு பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார் அத்தகையவர். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தால் மூன்று வயது கடந்தும் அவருக்குப் பேச்சு வரவில்லை. பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியராக உயர்ந்த அவர், தம் மனம் இயங்கும் விதத்தை 1995-இல் நூலாக எழுதினார். கோபுரம் என்ற சொல்லைக் கேட்டால் நம்முள் பலருக்குப் பொதுவானதொரு வடிவமே தோன்றும். அவருக்கோ, தேவாலயக் கோபுரம் என்றதும், தாம் நேரில் கண்ட கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நிற்குமாம்.

லண்டனில் 1974-இல் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயரும் மதியிறுக்கம் உடையவர். சிறு வயதில் அவரிடம் பேச்சில்லை. ஓயாமல் படம் வரைவதொன்றே உண்டு. பள்ளி ஆசிரியர்கள் அவருடைய வரைபொருள்களைச் சிறிது காலம் எடுத்து வைத்தனர். வேண்டுமெனில் வாய்திறந்து கேட்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஒருநாள் அக்குழந்தை கேட்டது. அதன் முதற்சொல், 'காகிதம்'. அவரே 2005-இல் ஹெலிகாப்டரில் சிறிது நேரம் பறந்து டோக்கியோ நகரைக் கண்டார். பின்பு நினைவிலிருந்தே பத்து மீட்டர் நீளத் திரையில் அந்நகரை வரைந்து முடித்தார்.

இதைக் கேட்டதும், "நம் பேரனிடமும் இத்தகைய வித்தை ஒளிந்திருக்குமோ?" என்று தேடத் தோன்றும். மதியிறுக்கம் உடையவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடமே ஏதேனும் ஒரு தனித்திறன் காணப்படுவதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். மற்ற ஒன்பது குழந்தைகளும் நம் வீட்டுக் குழந்தைகளே. வில்ட்ஷயரின் வாழ்வில் நாம் வியக்க வேண்டியது பத்து மீட்டர் ஓவியத்தை மட்டுமன்று. குழந்தை எதை விரும்புகிறதோ அதன் வழியாகவே அதனிடம் சென்ற ஆசிரியர்களின் பொறுமையையும்தான்.

சில இல்லங்களில் இதனை முன்வினை என்பர். தாயின் வளர்ப்புக் குறை என்றும் சொல்வர். மேலைநாட்டு மருத்துவர்கள் சிலரும் ஒரு காலத்தில் தாயின் அன்பின்மையே காரணம் என்றனர். அக்கருத்து தவறென்று பின்னர் தள்ளப்பட்டது. பிறவியிலேயே மூளையின் வளர்ச்சியில் உண்டாகும் வேறுபாடு இது. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஏற்கெனவே களைத்திருக்கும் மருமகளின் மீது பழியையும் ஏற்றுவது பெரியோர்க்கு அழகன்று.

திருக்கோயிலிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. பெருமணியும் தவிலும் நமக்கு மங்கல ஒலி. இக்குழந்தைகள் பலரின் செவிக்கு அது தாங்கவொண்ணாத வேதனை. காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தை தெய்வ நிந்தனை செய்யவில்லை. தீபாராதனை முடிந்து, கூட்டம் கலைந்து, மணியோசை அடங்கிய பின் அழைத்துச் செல்லுங்கள். சந்நிதியை நோக்காமல் ஒரு தூணின் சிற்பத்தையோ விளக்கின் சுடரையோ அது பார்த்துக்கொண்டே நிற்கலாம். கையைப் பிடித்து இழுக்க வேண்டா. தூணிலும் இருப்பான் என்று பிரகலாதன் கதையைச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்.

அயலார் குழந்தை அவ்வாறு அழக் கண்டால், திரும்பிப் பார்த்து முகம் சுளியாமல், அந்தத் தாய்க்குச் சற்றே வழிவிட்டு நில்லுங்கள். அன்றைய வழிபாட்டில் அதுவும் ஒரு பகுதியாகட்டும்.