பீடித் தட்டும் பத்தாம் வகுப்பும்

ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்கள் நம்பியிருப்பது அரசுப் பள்ளிகளைத்தான். 2019இல் தனி மாவட்டமான தென்காசியில் அந்தப் பள்ளிகள் வளர வேண்டிய காலம் இது. ஆனால், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது கொடுமை. சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். சிறப்பாசிரியர்களின் சம்பளமும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான பயிற்சியும் இந்த நிதியைத்தான் நம்பியிருக்கின்றன. தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் மும்மொழிக் கொள்கை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடட்டும். மாணவர்களைப் பிணையாக வைக்கக் கூடாது.

இந்த நிதியைக் கேட்டு மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது சரியே. ஆனால், வழக்கைக் காட்டிப் பள்ளிச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பத்தாம் வகுப்போடு பீடித் தட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கும் அப்படியொரு உதவி வேண்டும்.