அந்த 17 செக்கன் வீடியோவில் நடப்பவர் எனது வாப்பா



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நமது ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றியது. மொத்தம் 17 செக்கன். தொப்பி போட்ட ஒரு வயோதிபர் ஜிம்மில் உள்ள டிரெட்மில்லில், இரண்டு பக்கக் கம்பியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார். கீழே, "புது மாப்பிள்ளை ரெடியாகிறார்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அவர் எனது வாப்பா. வயது 71. பார்கின்சன் நோய் என்று டொக்டர் சொல்லி ஆறு வருடமாகிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ஜிம்முக்கு வரவில்லை. கூப்பிட்டால், "வேணா மகன், வெக்கமா இரிக்கி" என்கிறார். நாலு மாதம் பாடுபட்டுச் சேர்த்த நடை, 17 செக்கனில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பதிவு நீளம். சிரித்தவர்களாவது கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

முதலில் முகத்தைப் பற்றி. "மூஞ்சைப் பாருங்க, கட்டி இழுத்துக்கொண்டு வந்த மாதிரி" என்று ஒரு கொமெண்ட். பார்கின்சன் முகத் தசைகளையும் இறுக்கிவிடும். உள்ளே சந்தோசம் இருந்தாலும் வெளியில் தெரியாது. சலாம் சொன்னால் சிரிக்கிறாரில்லை என்று எத்தனை பேர் அவரோடு மனஸ்தாபப்பட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பெருமையில் வந்த முகமல்ல அது, நோயில் வந்த முகம்.

அடுத்தது நடை. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற இரசாயனத்தை உண்டாக்கும் கலங்கள் இருக்கின்றன. இந்த நோயில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நீங்களும் நானும் யோசித்து நடப்பதில்லை. போனில் கதைத்துக்கொண்டே பாதையைக் கடந்துவிடுகிறோம். அந்தத் 'தானாக நடப்பது'தான் இவர்களிடம் முதலில் பழுதாகிறது. எட்டு சுருங்கும். கை வீசாது. திரும்புவதற்கு ஏழெட்டு சின்ன எட்டுகள் வேண்டும். வாசல்படி வந்ததும் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் சாயும். வாப்பா பள்ளியில் வுழூ எடுக்கும் இடத்தில் விழுந்தது அப்படித்தான்.

ஒரு விசயத்தைக் கவனித்துப் பாருங்கள். வெறும் சீமெந்துத் தரையில் கால் ஒட்டி நிற்கிற அதே மனிதர், குறுக்குக் கோடு போட்ட தரையில் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி நடந்து போவார். யாராவது பக்கத்தில் நின்று "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினாலும் கால் எழும்பும். ஆகவே காலில் சக்தி இல்லாமல் இல்லை. உள்ளேயிருந்து வர வேண்டிய தாளம் குறைந்துவிட்டது. வெளியிலிருந்து தாளம் கொடுத்தால் மூளை வேறு வழியால் காலை எடுத்து வைக்கிறது. டிரெட்மில் செய்வதும் அதைத்தான். பட்டி ஒரே வேகத்தில் பின்னால் போகிறது, காலை முன்னால் வைத்தே ஆக வேண்டும். ஒரே எட்டு நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும்போது நடை பழகுகிறது. வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற எனக்கு இது விளங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

இது நான் கண்டுபிடித்த வைத்தியமல்ல, ஜிம்காரர் விளம்பரமும் அல்ல. 2000ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் மியாய் என்ற மருத்துவரின் குழுவினர், நோயாளியின் உடல் பாரத்தில் ஒரு பகுதியைப் பட்டியால் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பரிசோதித்தார்கள். அதன் பிறகு பல நாடுகளில் செய்த 18 பரிசோதனைகளை, மொத்தம் 633 நோயாளிகளை, 2015இல் கொக்ரேன் ஆய்வு ஒன்றாக எடுத்துப் பார்த்தது. டிரெட்மில்லில் பயிற்சி எடுத்தவர்களின் நடை வேகம் சராசரியாகச் செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர் கூடியிருந்தது. எட்டின் நீளம் 5 சென்ரிமீற்றர் கூடியிருந்தது.

"வெறும் 9 சென்ரிமீற்றரா?" என்பீர்கள். நான் கணித ஆசிரியன், கணக்கையே சொல்கிறேன். 7 மீற்றர் அகலமான வீதி. செக்கனுக்கு 60 சென்ரிமீற்றர் நடப்பவர் அதைக் கடக்க கிட்டத்தட்ட 11.7 செக்கன் எடுக்கும். 69 சென்ரிமீற்றர் நடந்தால் 10.1 செக்கன். மிச்சம் ஒன்றரைச் செக்கன். நமது பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள்கள் வருகிற வேகத்துக்கு ஒன்றரைச் செக்கன் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

வேகமாக ஓட வேண்டும் என்பதுமில்லை. அமெரிக்காவில் 67 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ஒரு குழு டிரெட்மில்லில் வேகமாக, குறைந்த நேரம். ஒரு குழு மெதுவாக, கூடிய நேரம். ஒரு குழு தசை நீட்டலும் பாரம் தூக்கலும். வாரம் மூன்று நாள், மூன்று மாதம். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் மூன்று குழுவிலும் கூடியது. ஆனால் அதிகம் கூடியது மெதுவாக நடந்த குழுவில், 12 சதவீதம். வாப்பாவின் நடையைப் பார்த்து "ஆமை வேகம்" என்று சிரித்தீர்களே, அந்த ஆமை வேகத்துக்குத்தான் பலன் கிடைத்தது.

நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிரெட்மில் இந்த நோயைக் குணப்படுத்தாது. மருந்தை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொக்ரேன் ஆய்விலும் நடக்கும் மொத்தத் தூரம் கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பயிற்சியை விட்ட பிறகு பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் தெளிவில்லை என்றுதான் அதில் இருந்தது. விழுவதும் தானாகக் குறைந்துவிடாது. 2016இல் வந்த ஓர் ஆய்வில் அடிக்கடி விழும் முதியவர்கள் 302 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் பார்கின்சன் நோயாளிகளும் இருந்தார்கள். டிரெட்மில்லில் நடக்கும்போதே முன்னால் திரையில் தடைகளைக் காட்டி, அவற்றைத் தாண்ட வைத்த குழுவில் விழுகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வெறும் டிரெட்மில்லில் நடந்த குழுவில் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே மெஷினை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும்.

இப்போது ஊரில் கேட்கிற கேள்விகளுக்கு வருகிறேன்.

"வயசு போன மனிசனை ஏன் போட்டு வதைக்கிறீங்க? சும்மா இருக்க விடுங்களேன்." இதை அன்பு என்று நினைத்துத்தான் சொல்கிறீர்கள். இந்த நோயில் சும்மா இருப்பதைப்போலக் கேடு வேறில்லை. உட்கார உட்காரத் தசை இளைக்கும், மூட்டு இறுகும், மலச்சிக்கல் கூடும், மனம் சோரும். பிறகு நாமே "பாருங்க, எழும்பக்கூட ஏலாமப் போச்சு" என்று கவலைப்படுவோம். உட்கார வைத்தவர்களே நாம்தான்.

"பள்ளிக்கு நடந்து போனால் போதாதா?" போக முடிந்தால் மிக நல்லது, அதை விடவே கூடாது. ஆனால் நமது ஒழுங்கைகளில் நாய், குழி, வடிகான், எதிரே வரும் ஓட்டோ எல்லாம் இருக்கிறது. பிடிப்பதற்குக் கம்பி இல்லை. மெஷினில் கம்பி இருக்கிறது, வேகம் மாறாது, உடுப்பில் கொழுவும் சாவிக் கயிறு இழுபட்டால் பட்டி நின்றுவிடும். அங்கே பழகியதை ஒழுங்கையில் பாவிப்பதுதான் நோக்கம்.

"இது ஜின் வேலை, ஓதிப் பார்த்தீங்களா?" ஓதினோம். துஆவும் கேட்கிறோம், இன்னும் கேட்போம். ஆனால் 1817இல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் இந்த நோயை விவரித்து எழுதி இருநூறு வருடம் தாண்டிவிட்டது. முஹம்மது அலியை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. அவருக்கு 1984இல் இதே நோய் என்று சொன்னார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபத்தை ஏற்றியபோது உலகமே எழுந்து நின்றது. அவருடைய நடுக்கம் நமக்கு வீரம். பக்கத்து வீட்டு வாப்பாவின் நடுக்கம் மட்டும் ஸ்டேட்டஸ் போட்டுச் சிரிக்கவா?

இன்னொன்றும் நடந்தது. வீடியோ வந்த மூன்றாம் நாள், நலன்புரிக் கொமிட்டி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வாப்பாவுக்கு வீல் செயார் தருவார்களாம். கையளிக்கும்போது பெனர் பிடித்து ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம். அவர்களுடைய நிய்யத்தை நான் குறை சொல்லவில்லை. வீல் செயார் இல்லாமல் அசையவே முடியாதவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டாயம் கொடுங்கள். ஆனால் நடக்கக்கூடியவரை அதில் உட்கார வைப்பது உதவியல்ல. இருக்கிற நடையையும் பறிப்பது. இத்தனை வருடத்தில் இத்தனை வீல் செயார் கொடுத்தோமே, ஒருவரையாவது அதிலிருந்து எழுப்பி நடக்க வைக்க ஒரு ரூபா செலவழித்தோமா? கதிரை கொடுத்தால் போட்டோ வரும். மூன்று மாதம் ஒருவரின் கையைப் பிடித்து நடத்தினால் போட்டோ வராது. அதுதானே காரணம்?

எனது கோரிக்கைகள் பெரியவை அல்ல.

1. ஜிம் வைத்திருக்கும் சகோதரர்களே, லுஹருக்கும் அஸருக்கும் இடையில் உங்கள் மெஷின்கள் சும்மா நிற்கின்றன. வாரம் மூன்று நாள், ஒரு மணித்தியாலம், இவர்களுக்குக் கொடுங்கள். வாப்பாவிடம் ஒரு சதமும் வாங்காத அந்த ஜிம் உரிமையாளருக்கு அல்லாஹ் பரகத் செய்யட்டும். உள்ளே போன் கமரா தடை என்று ஒரு அறிவித்தலும் ஒட்டிவிடுங்கள்.

2. கொமிட்டிகளே, அடுத்த முறை பத்து வீல் செயாருக்குப் பதிலாக ஒன்பதைக் கொடுங்கள். மிச்சக் காசில் ஒரு பிசியோதெரபிஸ்டை வாரம் ஒருமுறையாவது அழைத்து வாருங்கள்.

3. உம்மாமாரை மறக்க வேண்டாம். இந்த நோய் பெண்களுக்கும் வருகிறது. கை நடுங்கி தேத்தண்ணி சிந்துகிறது என்று வெட்கப்பட்டு அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி நேரம், பெண் உதவியாளர் வேண்டும்.

4. வீட்டில் நோயாளி இருப்பவர்களே, நாளைக்கே கொண்டுபோய் மெஷினில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் கிளினிக் டொக்டரிடம் இருதயம், பிரஷர் பற்றிக் கேளுங்கள். சிலருக்கு எழும்பி நின்றதும் பிரஷர் இறங்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம், துண்டு எழுதித்தரச் சொல்லுங்கள். குளிசை வேலை செய்கிற நேரத்தில் மட்டும் நடக்க விடுங்கள். வாப்பா குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் ஏறுவார். சாரத்தோடு ஏற்ற வேண்டாம், காற்சட்டையும் இறுக்கமான சப்பாத்தும் வேண்டும். ஒருபோதும் தனியே விட வேண்டாம். நாங்கள் முதல் நாள் ஆரம்பித்தது நாலு நிமிடத்தில். வெள்ளிக்கிழமைக்கு முன் 25 நிமிடம் வரை வந்திருந்தார்.

கடைசியாக, வீடியோ எடுத்த தம்பிக்கு. நீ யார் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். உன் பெயரை இங்கே போட மாட்டேன், உன் வாப்பாவிடமும் சொல்ல மாட்டேன். அந்த வீடியோவை அனுப்பிய குழுமங்களில் இந்தப் பதிவையும் அனுப்பிவிடு. அது போதும்.

வாப்பாவை இன்ஷா அல்லாஹ் திங்கட்கிழமை பின்னேரம் 2.30க்கு மறுபடி கூட்டிப்போகப் பார்க்கிறேன். வருவாரா தெரியாது. வழியில் கண்டால் நின்று சலாம் சொல்லுங்கள். பதில் மெதுவாகத்தான் வரும், முகம் சிரிக்காது. கொஞ்சம் பொறுத்து நின்று அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போங்கள்.