தனம் படுத்தும் பாடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'வாக்கிங் போயிட்டு வர்றேன்' என்று கிளம்பிய அப்பா (வயசு 74, சர்க்கரை 280), ஒத்தக்கடை முக்கில் ஒரு பலகாரக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, யானைமலையைப் பார்த்தபடி ஜிலேபி தின்றுகொண்டிருந்தார். என் ஸ்கூட்டரைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பாகு வேட்டியில் சொட்டியது.

"என்னப்பா இது, சின்னப்புள்ளத்தனமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். அப்புறம் மூன்று நாள் என்னோடு பேச்சே இல்லை.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? வடிவேலு தயவில் தமிழ்நாடே சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தைதானே! ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பவனை தினம் சொல்கிறோம். (அந்த மதுரைக்காரர் 2003-ல் 'வின்னர்' படத்தில் ரவுடியாக வந்தபோது வைத்துக்கொண்ட பேரே 'கைப்புள்ள'. அதாவது கைக்குழந்தை. பாதி சிரிப்பு பேரிலேயே வந்துவிடுகிறது.)

யோசித்துப் பார்த்ததில், வில்லங்கம் சின்னப்புள்ளையிடம் இல்லை. வாலாக ஒட்டியிருக்கிற 'தன'த்தில் இருக்கிறது. திருட்டுத்தனம், கஞ்சத்தனம், முட்டாள்தனம், போக்கிரித்தனம்... கூட்டாளிகளைப் பாருங்கள். 'புத்திசாலித்தனம் இருக்கே சார்' என்பீர்கள். 'ரொம்ப புத்திசாலித்தனமாப் பேசாதீங்க' என்று மேனேஜர் சொல்லும்போது அது பாராட்டாகவா கேட்கிறது? எங்க ஊரில் 'நல்லதனமாச் சொல்றேன்' என்றால் அடுத்தது அடிதான்.

தனத்தைக் கழற்றிவிட்டு 'மாதிரி'யைப் போடுங்கள். 'பச்சப்புள்ள மாதிரி.' உடனே ஆள் சூது வாது தெரியாதவராகிவிடுவார். 'குழந்தை மனசு' என்றால் இன்னும் உசத்தி, கிட்டத்தட்ட நன்னடத்தை சர்டிபிகேட். 'வெள்ளந்தி'யில் பாசமும் கொஞ்சம் பரிதாபமும் உண்டு. 'அரைவேக்காடு' என்பதில் இரண்டுமே கிடையாது. 'விளையாட்டுப் புள்ள' என்பது, 28 வயதிலும் வேலைக்குப் போகாத பையனுக்காகப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அம்மா சொல்வது.

இளவட்ட வாசகர்களுக்கு ஒரு ஆறுதல். இன்று பஸ் படிக்கட்டில் தொங்கி விசிலடிப்பவனை 'விடலை' என்று திட்டுகிறோமே, சங்கப் பாட்டில் அது வீரனுக்கான பேர். காதலியை அழைத்துக்கொண்டு பாலை வழியில் துணிந்து போகிறவனும் விடலைதான். 'பேதை' கதை வேறு. பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது, 5 முதல் 7 வயதுச் சிறுமி. திருவள்ளுவரிடம் போனால் 'பேதைமை' 84-வது அதிகாரம். அங்கே அது அறிவுகெட்டதனம். அறியாத வயசுக்கும் அறிவில்லாததற்கும் ஒரே சொல்.

குமரகுருபரர் 17-ம் நூற்றாண்டில் மதுரையை ஆளும் மீனாட்சியையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். அம்மனுக்குக் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை. நான் பாடியது பிள்ளைத்தனம். அதுதான் தப்பு.

நாலாம் நாள் மேலூரிலிருந்து அத்தை வந்தது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே பச்சப்புள்ள மாதிரிடா. கண்ணுல பட்டா வாங்கித் திங்கத்தான் செய்யும். அதுக்காக கடையில வச்சு, நாலு பேரு முன்னாடி என்னடா பேச்சு?"

நான் சொன்ன அதே குற்றச்சாட்டுதான்! ஆனால் பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். பிறகு, மூன்று நாளில் முதல் தடவையாக, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சுகர் மாத்திரை தீந்துபோச்சுடா."

"எப்பப்பா?"

"அன்னிக்கே. ஞாயித்துக்கிழமையே."

மூன்று நாளாக மாத்திரை இல்லாமல், கேட்கவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். அந்த வார்த்தை மறுபடி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.