புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகலையா? சார்ஜைத் தின்னும் கசிவு எங்கே... ஷார்ட் சர்க்யூட் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் சாவியைத் திருகினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். "நேத்து ராத்திரி நல்லாத்தானே ஓடுச்சு" என்று புலம்பிவிட்டு, பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து, நேராகக் கடைக்குப் போய் புது பேட்டரி மாட்டிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே 'டக் டக்'.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் இது வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ கிளம்ப வேண்டிய வண்டி அது. அந்த நேரத்தில் கிளம்பாமல் நிற்பது ஒரு ஆபத்து. கிளம்பிய பிறகு தீப்பிடிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

கண்ணூரில் என்ன நடந்தது?

2023 பிப்ரவரி 2. கேரள மாநிலம் கண்ணூரில் நிறைமாத கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன கார், மாவட்ட மருத்துவமனைக்கு அருகிலேயே தீப்பிடித்து எரிந்தது. பின் சீட்டில் இருந்த 4 பேர் தப்பினார்கள். முன் சீட்டில் இருந்த கர்ப்பிணியும் அவரது கணவரும் வெளியே வர முடியாமல் உயிரிழந்தார்கள். மோட்டார் வாகனத் துறையின் முதற்கட்ட ஆய்வு, ஷார்ட் சர்க்யூட்டைக் காரணமாகச் சொன்னது. காரில் கூடுதலாகப் பொருத்தப்பட்டிருந்த ரிவர்ஸ் கேமரா வயரிங் மீதும் சந்தேகம் எழுந்தது.

கசிவு வேறு, ஷார்ட் வேறு

வண்டியை அணைத்துப் பூட்டிய பிறகும் ஏதோ ஒரு சாதனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்தால் அது கசிவு. பேட்டரி காலியாகும், அவ்வளவுதான்.

பாசிட்டிவ் வயரின் உறை கிழிந்து காரின் இரும்பு பாடியைத் தொட்டால் அது ஷார்ட். ஒரு சாதாரண கார் பேட்டரியால் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்டைத் தள்ள முடியும். நடுவில் சரியான ஃபியூஸ் இருந்தால் அது உருகிக் காப்பாற்றும். இல்லையென்றால் வயரே பழுத்து எரியும்.

ஆனால், இரண்டுக்கும் பல நேரம் மூலம் ஒன்றுதான்: ஈரம் ஏறிய கனெக்டர், எலி கடித்த வயர், அரைகுறையாக ஒட்டுப் போட்டு டேப் சுற்றிய இணைப்பு. அதனால்தான் திரும்பத் திரும்ப இறங்கும் பேட்டரியை முன்னெச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கசிவு சாதாரணம்?

அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் மெமரி ஆகியவற்றுக்காக எல்லா காரும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். பெரும்பாலான கார்களில் 50 மில்லி ஆம்பியர் வரை சரி.

சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 50 மில்லி ஆம்பியர் கசிவில் அது பாதியாக இறங்க இரண்டு வாரம் ஆகும். அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் ஒன்றரை நாளில் பாதி காலி. டேஷ்போர்டு பெட்டிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே 400 மில்லி ஆம்பியர் இழுத்துவிடும். பேட்டரியில் நேரடியாக இணைத்த டேஷ் கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அடுத்த சந்தேக நபர்கள்.

முதலில் செய்ய வேண்டிய 3 சோதனைகள்

எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும்.

1. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி வோல்டேஜ் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி.

2. இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரி மேல் பழி போட வேண்டாம்.

3. டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பொடி படிந்திருக்கிறதா, கிளாம்ப் ஆடுகிறதா என்று பாருங்கள். பல 'பேட்டரி கோளாறு' இங்கேயே முடிந்துவிடும்.

கசிவைத் தேடுவது எப்படி?

மூன்றும் சரி, ஆனாலும் இறங்குகிறதா? அப்போதுதான் கசிவுச் சோதனை. கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, வண்டியைப் பூட்டி, ஸ்மார்ட் கீயைத் தூரமாக வையுங்கள். பானட் மட்டும் திறந்திருக்கட்டும்.

மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, சிவப்பு வயரையும் அதற்கான துளையில் செருகுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இப்போது சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் போய்விடும்.

உடனே வரும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்றைய கார்களின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக 20 முதல் 40 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் 50-க்கு மேல் வெகுவாகக் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான்.

எதிலும் இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு பழுதாகியிருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்?

10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இரண்டு முறை போனதும், 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் செருகுவதும் கம்பி சுற்றிவிடுவதும் பல இடங்களில் நடக்கிறது. இது நோயை மறைத்து வைப்பது. ஃபியூஸ் உருகாது, பதிலாக டேஷ்போர்டுக்குள் வயர் உருகும்.

சரியான வழி இது: அந்த லைனில் உள்ள சாதனங்களை அணைத்துவிட்டு, ஃபியூஸ் இடத்தில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் இணைக்க வேண்டும். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். பிறகு வயர் கட்டை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போனால், பல்பு அணையும் அல்லது சிமிட்டும் இடத்தில் கோளாறு இருக்கிறது.

ஹெட்லைட்டிலும் இதே கணக்குதான். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். அதே வயரிங்கில் 100 வாட் பல்பு போட்டால் 8 ஆம்பியரைத் தாண்டும். வயரில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும்.

ஃபியூஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் சுமார் 34 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தன. பிரேக் ஆயில் கசிந்து மின் பாகத்தில் ஷார்ட் ஆகலாம், நிறுத்தி வைத்திருக்கும்போதுகூடத் தீப்பிடிக்கலாம் என்பதால், வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் அறிவித்த தீர்வு, ஃபியூஸை மாற்றுவது.

மழை, வெள்ளம், எலி

2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயலும் வெள்ளமும் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. தண்ணீரில் நின்ற கார் காய்ந்ததும் ஸ்டார்ட் ஆனால், "சரியாயிடுச்சு" என்று நம்பிவிடுகிறோம். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில், கனெக்டர்களுக்குள் தங்கிய ஈரம் வாரக்கணக்கில் பச்சைக் களிம்பாக மாறி, கசிவை உண்டாக்கும். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாமல், நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, கனெக்டர்களைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வயல், வைக்கோல் போர் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலியையும் மறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்த்தாலே புழுக்கையும் கடித்த வயரும் கண்ணில் படும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

முழு இன்சூரன்ஸில் தீ, வெள்ளச் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டு. சாதாரண மின் கோளாறுக்குக் கிடையாது. தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் கார் எரிந்தாலும் பணம் வராது. தனியாகப் பொருத்திய மின் சாதனங்களுக்கு, பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

ஓடும்போது வயர் கருகும் வாசனை வந்தால்?

உடனே ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். புகை வருகிறதே என்று பானட்டைத் திறந்தால் காற்று புகுந்து தீ பெரிதாகும். 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை பேட்டரி இறங்கினால், புது பேட்டரிக்குப் பணம் எடுப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கசிவு எத்தனை மில்லி ஆம்பியர் காட்டுது?" பதில் எண்ணாக வந்தால் கோளாறு தேடப்பட்டிருக்கிறது. "பேட்டரி மாத்திட்டா சரியாயிடும்" என்று மட்டும் வந்தால், இன்னும் யாரும் தேடவில்லை என்று அர்த்தம்.